ஸ்மாஷ் பிரதர்ஸில் வரும் அந்தத் தெரியாத ஆட்கள் யார்?

உவர்மலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் நின்டெண்டோ நிறுவனத்தின் 'ஸ்விட்ச்' கேம் கருவி ஒன்று கொண்டுவந்திருக்கிறாராம். பின்னேரமானால் வீட்டில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' என்ற சண்டை கேம்தான். மாரியோ, பிக்காச்சு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரியூ, பேக்மேன் ஆகியோரைத் தெரிகிறது. மற்றவர்கள் யார்? சிவப்புத் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பையன், நிழல்போலக் கறுப்பாகவும் தட்டையாகவும் நடக்கும் ஒருவன், நாயும் வாத்தும் சேர்ந்த ஒரு சோடி: இவர்களுக்கெல்லாம் சொந்தமாக கேம் இருக்கிறதா, அவற்றைத் தேடிப் பிடித்து விளையாடுவதில் பயன் உண்டா என்பது கேள்வி.

இருக்கிறது தம்பி. அநேகமாக எல்லாருக்கும் இருக்கிறது. நீர் கேட்ட மூவரில் ஒரு சோடியை உம்முடைய மாமாவிடமோ பெரியண்ணாவிடமோ காட்டிப் பாரும், அவர்களுக்கு உடனே அடையாளம் தெரியக்கூடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம். 1999ல் நின்டெண்டோ 64 பெட்டிக்கு முதல் ஸ்மாஷ் வந்தது. ஹால் லாபொரட்டரி என்ற ஜப்பானிய நிறுவனத்தில் மசாஹிரோ சகுராய் திட்டம் போட, சட்டோரு இவாட்டா நிரல் எழுதினார். அவர்கள் செய்த முதல் மாதிரியில் மாரியோ கிடையாது. முகம் இல்லாத பொம்மை ஆட்கள்தான் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து விளையாடுகிறவருக்கு முன்பின் தெரியாத ஆட்களை மொத்தமாகக் கொடுத்தால் யார்மீதும் பிடிப்பு வராது என்று சகுராய்க்குப் பட்டது. அதனால்தான் நின்டெண்டோவின் சொந்தப் பாத்திரங்கள் உள்ளே வந்தன. அடிதடியின் முறையும் வேறு. மற்ற சண்டை கேம்களில் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும். இதிலே அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், சதவீதம் ஏற ஏற ஆள் தூரப் பறப்பார், மேடையை விட்டு வெளியே போனால் முடிந்தது. முதல் ஆட்டத்தில் 12 பேர். 2018 டிசம்பரில் வந்த அல்டிமேட்டில், 2021 வரை சேர்த்தவர்களையும் சேர்த்தால் 89 பேர்.

தெரிந்த முகம் வேண்டும் என்று தொடங்கிய தொடர், போகப் போகத் தெரியாத முகங்களை உலகத்துக்குக் காட்டும் தொடராகிவிட்டது. ஸ்மாஷில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். ஆனால் யாருக்குத் தெரியாத முகம் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் 'அதிகம் அறியப்படாத தொடர்கள்' என்று பட்டியல் போட்டால் 'ஐஸ் கிளைம்பர்' தவறாமல் இருக்கும். திருகோணமலையில் அந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது.

ஏனென்றால் இங்கே நின்டெண்டோ என்ற பெயரோடு எதுவும் வரவில்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் எங்கள் வீடுகளுக்கு வந்தது 'டிவி கேம்'. நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் அது. இரண்டு கைப்பிடி, ஒரு பிளாஸ்டிக் துவக்கு, கூடவே ஒரு கசட். கசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே உண்மையில் சில பத்துத்தான், மிச்சமெல்லாம் அதே கேம் வேறு எண்ணில். அப்பா டிவியில் செய்தி பார்த்து முடியும்வரை, கரண்ட் வரும்வரை காத்திருந்து விளையாடிய ஒரு தலைமுறை பாலையூற்றிலிருந்து கிண்ணியா வரை இருக்கிறது.

அந்தக் கசட்டில் எந்த கேம் இருக்கும், எது இருக்காது என்பதைத் தீர்மானித்தது சிப்பின் அளவு. நின்டெண்டோவின் ஆரம்பகால கேம்கள், அதாவது 1984, 1985 காலத்தவை, அநேகமாக 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கூடுதலான சிப் எதுவும் தேவையில்லை, விட்ட இடத்தைச் சேமிக்க உள்ளே பேட்டரி தேவையில்லை, வாசிக்க வேண்டிய ஜப்பானிய எழுத்தும் இல்லை. நகல் செய்கிறவர்களுக்கு இதைவிட வசதி வேறு என்ன? அப்படித்தான் 'ஐஸ் கிளைம்பர்', 'பலூன் ஃபைட்', 'எக்சைட்பைக்', 'அர்பன் சாம்பியன்', 'குளு குளு லேண்ட்' எல்லாம் நம்முடைய ஊருக்கு வந்து சேர்ந்தன. பெரிய கதை, பெரிய நினைவகம், பேட்டரி என்று இருந்த கேம்கள் வரவே இல்லை. மேற்கு நாடுகளில் ஒரு தொடர் தெரியாமல் போனதற்குக் காரணம் ஏற்றுமதி செய்வதா வேண்டாமா என்று யாரோ எடுத்த முடிவு. இங்கே காரணம் இந்த 40 கிலோபைட். ஸ்மாஷில் தெரியாத ஆள் ஒருவரைப் பார்க்கும்போது அவர் சோடை போனதால் தெரியாமல் போனார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பேருக்கு வழிதான் கிடைக்கவில்லை.

சரி, நாயும் வாத்தும். அது 1984ல் வந்த 'டக் ஹன்ட்'. துவக்கை டிவிக்கு நேரே பிடித்துப் பறக்கும் வாத்தைச் சுடுவது. தவறவிட்டால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழும்பிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை ஒருதரம் பார்த்தவர் மறக்கமாட்டார். துவக்கு வேலை செய்யும் விதம் அழகானது: விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துவக்கின் வாயில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டதா இல்லையா என்று பார்க்கும், அவ்வளவுதான். துவக்கிலிருந்து டிவிக்கு எதுவும் போவதில்லை. பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிச் செய்தது என்பதால், இன்றைய தட்டை டிவியில் அதே துவக்கு வேலை செய்யாது.

ஸ்மாஷில் இந்தச் சோடி 2014ல் வந்தது. அவர்களுடைய அடிகளைக் கவனித்துப் பாரும். நாய் ஒரு தகரத்தை உதைக்கும், பிறகு எங்கிருந்தோ சூடு விழுந்து தகரம் துள்ளும். சுடுகிறவர் திரையில் எங்கும் இல்லை. திரைக்கு இந்தப் பக்கம் துவக்கோடு உட்கார்ந்திருந்த நீரும் நானும்தான் அந்த ஆள். பழைய கேமில் நாங்கள் இருந்த இடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து சுடும் தொப்பிக்காரர்கள் 'வைல்ட் கன்மேன்' என்ற இன்னொரு துவக்கு கேமிலிருந்து வந்தவர்கள், தகரம் 'ஹோகன்ஸ் அலி' என்பதிலிருந்து. ஒரு பாத்திரத்துக்குள் மூன்று பழைய கேம்கள்.

கம்பளிக் குல்லா, கையில் மரச் சுத்தியல், இரண்டு சிறுவர்: அவர்கள் பொப்போவும் நானாவும், 'ஐஸ் கிளைம்பர்', 1985. பனித் தட்டை உடைத்து மலை ஏறுவதுதான் வேலை. கழுகு தூக்கிக்கொண்டு போன மரக்கறியை மீட்கப் போகிறார்கள். கத்தரிக்காய்கூட அங்கே இருக்கும். இருவராக விளையாடினால் வீட்டில் சண்டை நிச்சயம், ஏனென்றால் ஒருவர் அவசரமாக மேலே ஏறினால் திரையும் மேலே போகும், கீழே நிற்பவர் செத்துப்போவார். ஸ்மாஷில் இருவரும் ஒரே ஆட்டக்காரரின் கையில், ஒருவரை நீர் ஆட்டுவீர், மற்றவர் தானாகப் பின்னால் வருவார். அடிபட்டுப் பிரிந்துவிட்டால் பலம் பாதி. 2014ல் இவர்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. 3டிஎஸ் என்ற கைக்கருவியால் இரட்டைப் பாத்திரத்தின் சுமையைத் தாங்க முடியவில்லை. 2018ல் திரும்ப வந்தார்கள். சொந்தமாகப் புதிய கேம் ஒன்று இல்லாமலே இத்தனை வருடம் இவர்கள் உயிரோடு இருப்பது ஸ்மாஷால்தான்.

'பலூன் ஃபைட்' விளையாடியிருந்தால் அதன் வீட்டுப் பதிப்பை எழுதியவர் யார் என்றும் தெரிந்துகொள்ளும். அதே சட்டோரு இவாட்டாதான். பின்னாளில் 2002 முதல் 2015ல் மறையும்வரை நின்டெண்டோவின் தலைவராக இருந்தவர். இரண்டு பலூனோடு மிதக்கும் ஆள், தண்ணீரிலிருந்து பாய்ந்து விழுங்கும் மீன், எல்லாம் அவர் கை. ஸ்மாஷில் இது தனி மேடையாகவே இருக்கிறது. 'அனிமல் கிராசிங்' கிராமத்துப் பையன் மேலே எழும்ப இரண்டு பலூன் கட்டிக்கொள்வதும் இந்த நினைவில்தான்.

அதே இவாட்டா கை வைத்துக் காப்பாற்றிய இன்னொரு கேமிலிருந்துதான் நீர் கேட்ட தொப்பிப் பையன் வருகிறான். பெயர் நெஸ். தொடரின் பெயர் ஜப்பானில் 'மதர்', வெளியே 'எர்த்பவுண்ட்'. ஸ்மாஷில் வருகிற யாருடைய சொந்த கேமையாவது ஒன்றே ஒன்று விளையாடலாம் என்றால் நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன், ஆகையால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இதை உருவாக்கிய ஷிகெசாட்டோ இட்டோய் கேம் துறைக்காரர் அல்ல. ஜப்பானில் பெயர்பெற்ற விளம்பர வாசகக்காரர், எழுத்தாளர். முதல் 'மதர்' 1989ல் வந்தது. இரண்டாவது வருடக்கணக்காக இழுபட்டு, கைவிடும் நிலைக்கு வந்தபோது இவாட்டா போய்ப் பார்த்தார். இருக்கிறதைத் திருத்தினால் இரண்டு வருடம் எடுக்கும், அடியிலிருந்து தொடங்க விட்டால் அரை வருடத்தில் முடிப்பேன் என்றார். அப்படித்தான் 1994ல் வெளிவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவுக்குப் போய், அங்கே விலைபோகவில்லை. அந்த கேம் நாறுகிறது என்று சொல்லியே விளம்பரம் செய்தார்கள், முகர்ந்து பார்க்கும் அட்டைகூடக் கொடுத்தார்கள். எந்தப் புத்திசாலிக்கு அந்த யோசனை வந்ததோ. ஐரோப்பாவுக்கு அது அதிகாரபூர்வமாகப் போய்ச் சேர்ந்தது 2013ல். அதுவரை அங்குள்ளவர்களுக்கு நெஸ் என்பவன் ஸ்மாஷில் வரும் ஒரு பையன், அவ்வளவே.

வாள், கோட்டை, நாகம் என்று மற்ற கேம்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரண ஊரில் நடக்கிறது. ஆயுதம் கிரிக்கெட் துடுப்புப்போலப் பிடிக்கும் பேஸ்போல் மட்டையும் யோ-யோவும். எதிரிகள் பைத்தியம் பிடித்த டாக்சியும் தெருப் பலகையும். ஆனால் நம்முடைய ஊர்க்காரர் ஒருவர் இதை விளையாடினால் வேறொன்றில் மனம் நிற்கும். நெஸ்ஸின் அப்பா இந்த கேமில் கண்ணுக்கே தெரிவதில்லை. தொலைபேசியில் குரலாக மட்டும் இருக்கிறார். நெஸ் சண்டையில் வெல்ல வெல்ல அவர் வங்கிக் கணக்கில் காசு போடுகிறார், பையன் ஏடிஎம்மில் எடுத்துக்கொள்கிறான். ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமானால் அப்பாவுக்குத்தான் போன் எடுக்க வேண்டும். நெடுநேரம் விளையாடினால் அவரே எடுத்து, களைத்திருப்பாய், கொஞ்சம் ஓய்வெடு என்பார். நடுவில் நெஸ்ஸுக்கு வீட்டு நினைவு வந்துவிடும்; சண்டைக்கு நடுவே அம்மாவை நினைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றுவிடுவான். அதற்கு மருந்து கடையில் கிடையாது. அம்மாவுக்கு ஒரு போன் எடுத்துப் பேசினால்தான் தீரும். அப்பா கட்டாரிலும் சவூதியிலும் இருக்க, மாதம் முடியக் காசும் வெள்ளிக்கிழமை போனுமாக வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர். தூர இருக்கும் அப்பாவை இவ்வளவு அன்போடு வைத்த வேறு கேம் எனக்குத் தெரியாது.

ஸ்மாஷில் நெஸ் வீசும் நெருப்பும் மின்னலும் உண்மையில் அவனுடையவை அல்ல. சொந்த கேமில் அவன் அவற்றைப் படிப்பதே இல்லை, அவை கூட வரும் பாவ்லா என்ற சிறுமியின் வித்தைகள். மட்டையும் யோ-யோவும் அவனுடையவை. இந்தத் தொடரின் மூன்றாவது, லூக்காஸ் என்ற மஞ்சள் முடிப் பையனின் கதை, 2006ல் ஜப்பானில் மட்டும் வந்தது. இன்றுவரை ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக இல்லை. 2008ல் ரசிகர்களே சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். தாயை இழந்த குடும்பத்தின் கதை அது. லூக்காஸ் ஸ்மாஷில் அடி வாங்கும்போது பயந்த முகத்தோடு நிற்பது சும்மா வைத்ததல்ல.

தட்டைக் கறுப்பு ஆளுக்கு வருவோம். மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச். 1980ல் குன்பெய் யோக்கோய் என்ற நின்டெண்டோ பொறியியலாளர் கையடக்கமான சின்னக் கருவி ஒன்று செய்தார். ரயிலில் ஒருவர் கல்குலேட்டரை நோண்டிப் பொழுதுபோக்கியதைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். திரையும் கல்குலேட்டர் திரைதான். கல்குலேட்டரில் 8 என்ற எண்ணின் கோடுகள் ஏற்கெனவே கண்ணாடிக்குள் இருக்கும், மின்சாரம் போகும் கோடு மட்டும் கறுக்கும். அதேபோல இதிலே ஆளின் ஒவ்வொரு நிலையும் முன்பே வரையப்பட்டிருக்கும். கையைத் தூக்கின படம் ஒன்று, இறக்கின படம் ஒன்று, இடையில் எதுவும் இல்லை. அதனால்தான் ஸ்மாஷிலும் அவர் வழுக்கி நடக்காமல் படம் படமாகத் துள்ளுகிறார், டிக் டிக் என்று சத்தம் வருகிறது. அவருடைய ஒவ்வொரு அடியும் ஒரு பழைய கருவி: எண்ணெய் பிடிக்கும் வாளி 'ஆயில் பானிக்', பொரியல் வீசுவது 'செஃப்', தீயணைப்புக்காரர் மெத்தை பிடிப்பது 'ஃபயர்'. சுத்தியலோடு எண் வருவது 'ஜட்ஜ்'. 9 விழுந்தால் எதிரி போயே விட்டார், 1 விழுந்தால் உமக்கே அடி. 1982ல் வந்த 'டொங்கி கொங்' கருவியில்தான் இன்று எல்லாக் கைப்பிடியிலும் இருக்கும் சிலுவைப் பொத்தான் முதலில் வந்தது. இத்தனைக்கும் காரணமான ஆளை முகம் இல்லாமல் விட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் ரொப், அந்தச் சாம்பல் நிற ரோபோ. அது கேம் பாத்திரமே அல்ல, கடையில் விற்ற பொருள். 1983ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது; கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே வேண்டாம் என்றார்கள். 1985ல் நின்டெண்டோ இந்த ரோபோவைப் பெட்டியோடு வைத்து, இது விளையாட்டுச் சாமான் என்று காட்டி உள்ளே நுழைந்தது. டிவித் திரையின் மின்னலைக் கண்ணால் பார்த்துக் கட்டளை எடுக்கும். அதற்கென்று வந்தவை இரண்டே இரண்டு கேம்கள்.

கப்டன் ஃபால்கன் விஷயம் இன்னொரு மாதிரி. நெருப்புப் பறக்கக் குத்துகிறாரே, அவர் கார் ஓட்டுநர். 'எஃப்-சீரோ', 1990, சூப்பர் நின்டெண்டோ என்ற பெட்டியோடு சேர்ந்து வெளிவந்த வேகப் பந்தயம். தட்டையான ஒரு படத்தைச் சாய்த்துச் சுழற்றி ஓடுபாதையாகக் காட்டிய நுட்பம் அன்றைக்குப் பெரிய அதிசயம். அந்த கேமில் ஃபால்கன் காரை விட்டு இறங்குவதே இல்லை, முகத்தைக் கையேட்டில்தான் பார்க்கலாம். உதை, குத்து, ஓட்டம் எல்லாவற்றையும் ஸ்மாஷ் கண்டுபிடித்துக் கொடுத்தது. 2003ல் தொடங்கிய எஃப்-சீரோ அனிமேயின் கடைசிப் பகுதியில் அந்தக் குத்தே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. குத்தை எல்லாரும் அறிவார்கள், பந்தயத்தை யாரும் அறிவதில்லை. 2004க்குப் பிறகு அடுத்த எஃப்-சீரோ வர 2023 ஆயிற்று, அதுவும் முதல் கேமை 99 பேர் ஒன்றாக ஓடும்படி மாற்றியதுதான். 2003ல் சேகா நிறுவனத்தோடு சேர்ந்து செய்த 'எஃப்-சீரோ ஜிஎக்ஸ்' இன்றைக்கும் ஈடில்லாதது. ஸ்மாஷில் ஓர் ஆளை வைத்திருப்பது அந்தத் தொடரைப் பார்த்துக்கொள்வதாகிவிடாது.

வாள்காரர்கள் ஒரு கூட்டமாக நிற்கிறார்களே, நீல முடி, சிவப்பு முடி என்று, அவர்கள் 'ஃபயர் எம்பிளம்'. 1990ல் தொடங்கியது. சதுரங்கம்போலக் கட்டம் கட்டமாகப் படையை நகர்த்துவது, போரில் விழுந்தவர் விழுந்தவர்தான், கதையில் திரும்ப வரமாட்டார். 2001ல் ஸ்மாஷின் இரண்டாவது ஆட்டமான 'மெலே'யில் மார்த்தும் ரோயும் வந்தபோது ஜப்பானுக்கு வெளியே ஒரு ஃபயர் எம்பிளமும் விற்கப்படவில்லை. ரோயின் நிலை இன்னும் வேடிக்கை: அவருடைய சொந்த கேம் 2002ல்தான் வந்தது, ஸ்மாஷில் அதற்கு முன்பே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வாள்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எல்லாரும் கேட்கத் தொடங்க, 2003ல் முதல் தடவையாக ஆங்கிலத்தில் ஒன்று வெளியானது. இன்றைக்கு நின்டெண்டோவின் பெரிய தொடர்களில் ஒன்று. அல்டிமேட்டில் மட்டும் எட்டுப் பேர். எட்டு அதிகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 'கோல்டன் சன்' என்ற அருமையான தொடருக்குச் சண்டைக்காரர்களில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

சிறகு முளைத்த பிட், 'கிட் இக்காரஸ்', 1986. 'மெட்ராய்டு' என்ற நின்டெண்டோவின் இன்னொரு கேம் வந்த அதே வருடம், அதே பிரிவில் செய்தது. அதில் ஒரு மந்திரவாதி உம்மைக் கத்தரிக்காயாக மாற்றிவிடுவான். மருத்துவமனையைத் தேடிப் போய்த்தான் பழைய உருவம் பெற வேண்டும். 1991க்குப் பிறகு தூங்கிய தொடரை 2008 ஸ்மாஷ் எழுப்பியது, 2012ல் சகுராயே புதிய கேம் ஒன்று செய்தார். சிவப்பு வாளோடு வரும் ஷுல்க் 'செனோபிளேட்'காரர். 2010ல் ஜப்பானில் வந்த கேம், அமெரிக்க ரசிகர்கள் இயக்கமே நடத்திக் கேட்ட பிறகு 2012ல் அங்கே போனது. நீளமான கேம், நேரம் இருந்தால் பாரும்.

தொப்பி போட்ட டெரி போகார்டைத் தெரியாதவர் பட்டியலில் சேர்க்காதேயும். உலகத்தில் பல இடங்களில் அவரை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. 'ஃபேட்டல் ஃபியூரி' 1991. ஆனால் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (வேறு கருவியின் கேம்களை ஓட்டும் நிரல்) போட்டு 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' விளையாடிய திருமலைப் பொடியன்களுக்கு அவர் ரியூவுக்குச் சமம். 2019ல் அவரைச் சேர்த்தபோது கூடவே 50 பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். மேடையில் பின்னால் நிற்கும் ஆட்களையும் பாரும், பழைய முகங்கள்.

இனி, சண்டைக்காரர்களைவிட எனக்கு அதிகம் பிடித்த இடம்: உருண்டைபோல ஒன்று விழுகிறதே, எடுத்தால் ஓர் ஆள் வந்து உதவி செய்வாரே, அந்த 'அசிஸ்ட் டிராஃபி'. யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கையும் காலும் உடம்போடு ஒட்டாமல் மிதக்கும் சுக்காபொன் என்ற ரோபோ, 1993ல் ஃபமிகொமின் கடைசிக் காலத்தில் ஜப்பானில் மட்டும் வந்த 'ஜோய் மெக் ஃபைட்' என்ற சண்டை கேமின் நாயகன். மூட்டுகளை வரையாமல் விட்டதால், அந்தச் சின்னப் பெட்டியிலும் பெரிய பெரிய ஆட்களை வேகமாக அசைக்க முடிந்தது. சாமுராய் தகாமாரு, 1986. தவளையாகவும் பாம்பாகவும் மாறும் சாப்லே இளவரசர், 1992ல் ஜப்பானில் மட்டும் வந்த, 'கேம் போய்' என்ற கைக்கருவிக்கான கேமின் ஆள். கட்டடங்களை முளைக்க வைக்கும் பச்சை முடி டாக்டர் ரைட், சூப்பர் நின்டெண்டோ 'சிம்சிட்டி'யின் ஆலோசகர். பெயர் அந்த கேமைப் படைத்த வில் ரைட்டை நினைத்து வைத்தது. திரையையே இடம் தள்ளும் நீலப் பிசாசு, 1984ன் 'டெவில் வேர்ல்ட்'. சிலுவையும் வேதப் புத்தகமும் வருவதால் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதை விற்கவே இல்லை. ஐரோப்பாவில் விற்றார்கள்.

அடுத்த தடவை அந்த உருண்டை விழுந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு யார் வருகிறார் என்று பாரும். பெயர் மேலே எழுதி வரும், அதைக் குறித்துவைத்துத் தேடினால் ஒவ்வொன்றும் ஒரு கேம்.

எங்கே விளையாடுவது என்றும் கேட்பீர். மச்சானிடம் நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா இருக்கிறதா என்று கேளும். இருந்தால் சாதாரணச் சந்தாவிலேயே 'எர்த்பவுண்ட்', முதல் 'எஃப்-சீரோ', 'ஐஸ் கிளைம்பர்', 'பலூன் ஃபைட்', 'கிட் இக்காரஸ்' எல்லாம் கிடைக்கும். 'கோல்டன் சன்'னும் 2003ன் ஃபயர் எம்பிளமும் கூடிய விலைச் சந்தாவில். ஒருதரம் இறக்கி வைத்துவிட்டால் சந்தா இருக்கும்வரை இன்டர்நெட் இல்லாமலும் கொஞ்ச நாள் ஓடும், நம்முடைய சிக்னலுக்கு அது நல்லது. இருவராக இருக்கும்போது 'பலூன் ஃபைட்'டையும் 'ஐஸ் கிளைம்பர்'ரையும் பாரும், ஓர் ஆட்டம் சில நிமிடம்தான். 'எர்த்பவுண்ட்' அப்படியல்ல, வாரக்கணக்கில் இழுக்கும், ஆங்கிலமும் நிறைய வாசிக்க வேண்டும். மச்சான் திரும்பிப் போக இன்னும் நாள் இருக்கிறது என்றால் இன்றைக்கே தொடங்கும். நாள் இல்லையென்றால் முதல் ஊரான ஓனெட்டை மட்டுமாவது முடித்துவிடும். அப்பாவின் முதல் போன் அதற்குள்ளேயே வந்துவிடும்.